துன்பக் கப்பலும் இன்பக் கப்பலும்

கடல் தமிழருக்குப் புதிதன்று. ஆயினும் நம் முன்னோர் கடலைக் கடந்தது பொருள் தேடவே. பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் வகுத்த நம் நூல்கள், கடல்மீது சென்று களிப்பதற்குத் தனித் துறை எதுவும் வகுக்கவில்லை. கடல்வழிச் செல்வோர் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் கூறுவதாக உரை கொள்வாரும் உளர். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை உண்டு. ஆனால் கோவலனும் மாதவியும் களித்திருந்தது புகார்க் கடற்கரையில். கடல் நடுவில் அன்று. இன்பம் கரையில், பொருள் கடலுக்கு அப்பால் என்பதே பழைய பாகுபாடு.

இப்பாகுபாடு என் வீட்டுக்குள்ளேயே அண்மையில் வழக்காக வந்து நின்றது. ஆண்டிறுதி விடுமுறையில் குடும்பங்களோடு உல்லாசக் கப்பலில் நான்கு நாள் சென்று வரலாம் என்று எங்கள் பள்ளி ஆசிரியர்கள் முடிவு செய்து, ஏற்பாட்டுப் பொறுப்பை என்னிடம் விட்டனர். எண்பதைக் கடந்த என் தாயாரிடம், "நீங்களும் வாருங்கள் அம்மா" என்றேன். அவர் 1960களின் தொடக்கத்தில், மணமான புதிதில், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஏந்தம்பி, பொழைக்கப் போறவன் கப்பல் ஏறுவான். காசு குடுத்துச் சும்மா போயிட்டுச் சும்மா வர்றதுக்குமா கப்பல் ஏறுவாக?" என்று கேட்டார்.

அக்கேள்வியை முதலில் சிரித்துத் தள்ளினேன். பிறகுதான் அது வரலாற்றுக் கேள்வி என்பது புலனாயிற்று. காசு கொடுத்துச் சும்மா போய்ச் சும்மா வரும் இந்தப் பழக்கத்தை உலகில் தொடங்கியவர் யார்? எதற்காகத் தொடங்கினார்? விடை தேடியதில் கிடைத்தவற்றை ஆசிரிய அன்பர்கள்முன் வைக்கிறேன்.

முதல்வர் யார்?

எதை இன்பக் கடற்செலவு என்பது என்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். புறப்பட்ட துறைக்கே திரும்பி வருதல், வழியிலுள்ள ஊர்களைப் பார்த்தல், கட்டணம் முழுவதையும் முன்னரே செலுத்துதல், செல்லும் கப்பலே தங்கும் விடுதியாகவும் இருத்தல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால் அது இன்பச் செலவு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போவதற்காகக் கப்பலேறுவது, எத்துணை வசதியாக இருப்பினும், வெறும் பயணமே.

இவ்வரையறைக்கு மிக அண்மையில் வருகின்ற பழைய சான்று இத்தாலியிலிருந்து கிடைக்கிறது. 1833ஆம் ஆண்டில் 'பிரான்செஸ்கோ' என்னும் நீராவிக் கப்பல், நேப்பிள்ஸ் துறையிலிருந்து ஐரோப்பியப் பெருங்குடி மக்களை ஏற்றிக்கொண்டு சிசிலி, மால்ட்டா, ஏதென்ஸ், கான்ஸ்டாண்டிநோப்பிள் முதலிய இடங்களுக்குச் சென்று வந்தது. ஆயின் அது அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் கூடிச் சென்ற தனிவிழாப் போன்றது. அதைத் தொடர்ந்து ஒரு தொழில் வளரவில்லை.

அடுத்து வருபவர் ஆர்தர் ஆண்டர்சன். பின்னாளில் பி. அண்டு ஓ. என்று பெயர்பெற்ற கப்பற் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர் இவர். ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவில் பிறந்தவர். 1835 அளவில் தாம் தொடங்கவிருந்த செய்தித்தாளுக்காக ஒரு விளம்பரம் எழுதினார். ஷெட்லாந்து, பரோ, ஐஸ்லாந்துத் தீவுகளைச் சுற்றிக் காட்டும் இன்பக் கப்பல் பற்றியது அது. ஆனால் அப்படியொரு கப்பலே அப்போது இல்லை! இடத்தை நிரப்பப் புனைந்த விளம்பரம் அது. எனினும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேர்விட்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

1844இல் அதே கழகம் ஓர் எழுத்தாளருக்கு இலவசப் பயணச் சீட்டு வழங்கிற்று. கல்கத்தாவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே அவர். ஜிப்ரால்ட்டர், ஏதென்ஸ், ஜெரூசலம், கெய்ரோ என்று சுற்றிவந்து 1846இல் பயண நூல் ஒன்றை வெளியிட்டார். எழுத்தாளரை இலவசமாக அழைத்துச் சென்று எழுத வைக்கும் விளம்பர முறை எத்துணைப் பழமையானது என்பதை இங்கே காண்க. ஆயினும் அவர் ஒரே கப்பலில் செல்லவில்லை. இடையிடையே கப்பல் மாறினார். நம் வரையறை முழுமையாக நிறைவேறவில்லை.

'குவேக்கர் சிட்டி' காட்டிய வழி

வரையறை முழுவதும் பொருந்தி, நமக்கு விரிவான பதிவும் கிடைப்பது 1867ஆம் ஆண்டுச் செலவாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய 'குவேக்கர் சிட்டி' என்னும் சக்கரத் துடுப்பு நீராவிக் கப்பல், அவ்வாண்டு ஜூன் 8ஆம் நாள் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டு நவம்பர் 19ஆம் நாள் அங்கேயே திரும்பி வந்தது. கட்டணம் 1,250 டாலர். அந்நாளில் அது பெருந்தொகை. பணம் இருந்தால் மட்டும் போதாது. விண்ணப்பித்தவரின் தகுதியை ஒரு குழு ஆராய்ந்து இடம் அளித்தது. புகழ்பெற்ற சமயச் சொற்பொழிவாளர் ஒருவரும் படைத்தலைவர் ஒருவரும் உடன் வருவர் என்று பரப்பப்பட்டது. இருவரும் வரவில்லை. அவர்களுக்கு மாறாக வந்தவர் மார்க் ட்வைன். கட்டணத்தைச் செலுத்தியது சான் பிரான்சிஸ்கோவின் செய்தித்தாள் ஒன்று. அவர் எழுதியனுப்பிய கடிதங்களிலிருந்து உருவான நூல் 1869இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது.

ஆசிரியராகிய நாம் அச்செலவின் திட்டத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். எந்தத் துறையில் எத்தனை நாள், அங்கிருந்து உள்நாட்டுக்குச் செல்ல எத்தனை நாள் என்பதெல்லாம் அச்சிட்டு முன்கூட்டியே வழங்கப்பட்டது. மார்சேல்ஸில் இறங்கிப் பாரிசில் நடந்த பொருட்காட்சியைப் பார்த்தவர் உண்டு. பலஸ்தீனத்தில் குதிரைமேல் சென்றவர் உண்டு. கருங்கடலில் யால்ட்டாத் துறையில் ருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரை நேரில் கண்டனர். இன்னின்ன நூல்களைப் படித்துவிட்டு வருக என்றும், இசைக்கருவி, குடை, வெயிலுக்குப் பச்சைக் கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டுவருக என்றும் பயணிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒரு பள்ளிச் சுற்றுலாவுக்குச் சுற்றறிக்கை எழுதும் தலைமையாசிரியர் இதைவிட நன்றாகத் திட்டமிட முடியாது.

நாட்குறிப்புச் செய்தி இன்னும் சுவையானது. முதல் சில நாள்கள் உணவுக் கூடத்து மேசைகளில் பலர் வரிசையாக அமர்ந்து நாட்குறிப்பு எழுதினராம். நாள் செல்லச் செல்ல எழுதுவோர் தொகை தேய்ந்து, கடைசியில் விரல்விட்டு எண்ணக்கூடியவரே எஞ்சினர். விடுமுறை நாட்குறிப்பு எழுதச் சொல்லி மாணவரிடம் ஏமாந்த ஒவ்வோர் ஆசிரியருக்கும் இது ஆறுதல் தரும்.

இன்பத்தின் நடுவே தடையும் இருந்தது. ஏதென்ஸ் நகரின் துறையான பிரேயஸில், தொற்றுநோய் அச்சத்தால் பயணிகள் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. தொலைவில் தெரிந்த அக்ரோப்பொலிஸ் குன்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப மனமில்லாத ட்வைனும் நண்பர் சிலரும் இரவில் படகேறிக் கரைசேர்ந்து, நிலவொளியில் அப்பழங்கோயிலைக் கண்டு விடிவதற்குள் திரும்பினர். சட்டப்படி அது குற்றமே. ஆயினும் அந்நூலில் என்றும் நினைவில் நிற்கும் பகுதி அதுதான்.

ஒரே மேசையில் இரண்டு தொழில்

'குவேக்கர் சிட்டி' ஒருமுறை நிகழ்ந்த செலவு. ஸ்காட்லாந்துக் கழகம் ஒன்று 1886இல் நார்வேக் கடற்கழிகளுக்கு இன்பச் செலவுகளைத் தொடங்கி, அடுத்த ஆண்டில் 'செயிண்ட் சன்னிவா' என்ற கப்பலை அதற்கெனவே கட்டிற்று. ஆயினும் இதைப் பெருந்தொழிலாக்கிய பெருமை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஆல்பர்ட் பாலின் என்பவரையே சாரும். நான் இக்கட்டுரை எழுதத் துணிந்ததும் இவர் பொருட்டே.

பாலின் 1857இல் ஹாம்பர்க் துறைமுகத்தை அடுத்து ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையாரின் தொழில், அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஏழைகளைக் கப்பலேற்றிவிடும் முகவர் தொழில். நம் வழக்கில் சொன்னால் ஆள் அனுப்பும் தொழில். தந்தையார் இறந்தபோது பாலினுக்கு வயது 17. அச்சிறுவயதிலேயே தொழிலை மேற்கொண்டார். சரக்குக் கப்பலின் உள்தளத்தில் குடிபெயர்வோரை ஏற்றிச் சென்று, திரும்புகையில் அதே இடத்தில் சரக்கை ஏற்றிவரும் முறையால் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியாளரைத் திணறவைத்தார். 1886இல் ஹாம்பர்க்–அமெரிக்கக் கப்பற் கழகம் அவரையே தன் பயணிகள் பிரிவுக்குத் தலைவராக்கிக்கொண்டது. 1899இல் கழகத்தின் தலைமை இயக்குநரானார்.

அக்கழகத்தின் விரைவுக் கப்பல்களுக்கு ஒரு குறை இருந்தது. குளிர்காலத்து அட்லாண்டிக் கடலின் கொந்தளிப்புக்கு அஞ்சிச் செல்வர்கள் பயணம் செய்வதில்லை. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய கப்பல் மாதக்கணக்கில் வெறுமனே கிடந்தது. அதைக் கதிரவன் காயும் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினால் என்ன என்று பாலின் கேட்டார். உடன் பணியாற்றியவர்கள் நகைத்தனர். 1891 ஜனவரி 22ஆம் நாள் 'அகஸ்டா விக்டோரியா' கக்ஸ்ஹேவன் துறையிலிருந்து 241 பயணிகளோடு புறப்பட்டது. பாலினும் மனைவியாரும் உடன் சென்றனர். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஜெனோவா, அலெக்சாந்திரியா, யாப்பா, கான்ஸ்டாண்டிநோப்பிள், ஏதென்ஸ், நேப்பிள்ஸ், லிஸ்பன் முதலிய துறைகளைக் கண்டு திரும்பினர். நகைத்தவர் வாயடைத்தனர், ஆண்டுதோறும் அச்செலவு தொடர்ந்தது.

1900இல் இன்பச் செலவுக்கென்றே 'பிரின்செசின் விக்டோரியா லூயிசே' கட்டப்பட்டது. 120 அறைகள், அனைத்தும் முதல் வகுப்பு. 1906 டிசம்பரில் அது ஜமைக்காக் கரையருகே பாறையில் மோதிச் சிதைந்தது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். ஆனால் கப்பல் தலைவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார்.

இதே காலத்தில், 1901இல், அதே பாலின் ஹாம்பர்க்கின் வெடல் தீவில் குடிபெயர்வோர்க்கான கூடங்களை அமைத்தார். 1892இல் ஹாம்பர்க்கில் காலராப் பரவி 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோயைக் கொண்டுவந்தவர் கீழை ஐரோப்பிய ஏழைகளே என்று பழி விழுந்தது. ஆகவே கப்பலேறுமுன் அவர்களைத் தனியிடத்தில் தங்கவைத்து, நீராட்டி, உடைமைகளுக்குக் கிருமிநீக்கம் செய்து, மருத்துவர் பார்த்தபின் அனுப்பும் ஏற்பாடு அது. ஹாம்பர்க் வழியாக ஏறத்தாழ 50 இலட்சம் பேர் ஐரோப்பாவை விட்டு வெளியேறினர். இன்று அவ்விடத்தில் பாலின் பெயரால் அருங்காட்சியகம் விளங்குகிறது.

அன்பர்களே, இங்கேதான் நான் நின்றேன். இன்பக் கப்பலுக்குத் திட்டமிட்ட மேசையும் ஏழைகளைக் கப்பலேற்றத் திட்டமிட்ட மேசையும் ஒன்றே. ஏழைகளின் கட்டணம் கழகத்தை வளர்த்தது. வளர்ந்த கழகத்தின் கப்பல் குளிர்காலத்தில் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த கப்பலில் இன்பச் செலவு பிறந்தது. துன்பக் கப்பலின் வயிற்றில் பிறந்ததே இன்பக் கப்பல். "பொழைக்கப் போறவன் கப்பல் ஏறுவான்" என்று என் தாயார் சொன்னது வரலாற்றின் முதற்பாதி. மறுபாதி அதிலிருந்தே கிளைத்தது.

கதவு அடைபட்டதும் கப்பல் மாறியதும்

இத்தொடர்பு பாலினோடு முடியவில்லை. 1907ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவுக்குள் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியேறினர். 1924ஆம் ஆண்டுச் சட்டம் அக்கதவைப் பெரிதும் அடைத்தது. குடியேறிகளுக்கென அமைந்த கீழ்த்தளங்கள் வெறுமையாயின. கழகங்கள் அவற்றைத் துப்புரவாக்கிச் சிறு அறைகளாகத் தடுத்து, ஆசிரியர், மாணவர் போன்ற நடுத்தர மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வழங்கின. கப்பற் சுற்றுலா நம்மனையோர்க்கு எட்டியது இவ்வாறே.

1914இல் பனாமாக் கால்வாய் திறந்தபின் உலகைச் சுற்றி வருவது எளிதாயிற்று. 1922 நவம்பரில் 'லக்கோனியா' நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி 1923 மார்ச்சில் திரும்பிற்று. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பிலிருந்தது. எல்லைக் கடலைத் தாண்டினால் மது அருந்தலாம் என்பதற்காகவே எந்த ஊருக்கும் செல்லாமல் கடலில் மிதந்துவிட்டுத் திரும்பும் கப்பல்களும் ஓடின!

இன்பத்தையும் கொடுங்கோலன் தன் கருவியாக்குவான் என்பதற்கு 'வில்ஹெல்ம் குஸ்ட்லோப்' சான்று. தொழிலாளருக்கு மலிவான விடுமுறை என்று நாஜி அரசு 1937இல் வெள்ளோட்டம் விட்ட கப்பல் அது. வகுப்பு வேறுபாடு அதில் இல்லை என்று பறைசாற்றினர். 1945 ஜனவரி 30ஆம் நாள், போர்முனையிலிருந்து தப்பியோடிய அகதிகளை ஏற்றிச் சென்றபோது சோவியத் நீர்மூழ்கி அதைத் தகர்த்தது. மாண்டோர் ஏறத்தாழ 9,000 என்று மதிப்பிடப்படுகிறது. இன்பக் கப்பல் மீண்டும் துன்பக் கப்பலாயிற்று.

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியதும் பயணக் கப்பலின் காலம் முடிந்தது. பழைய கப்பல்கள் சிலவற்றுக்கு மறுபிறப்புக் கிடைத்தது. லிவர்பூலுக்கும் கனடாவுக்கும் இடையே ஓடிய 'எம்ப்ரஸ் ஆப் கனடா', 1972இல் 'மார்டி கிரா' என்னும் பெயரில் மயாமியிலிருந்து இன்பச் செலவுக்குப் புறப்பட்டு முதல் நாளே மணலில் தட்டி நின்றது. அதை ஓட்டிய கார்னிவல் கழகமே பின்னர் உலகின் மிகப்பெரிய இன்பக் கப்பல் கழகமாயிற்று. 1962இல் பணி தொடங்கிய 'பிரான்ஸ்' 1980இல் 'நார்வே' ஆயிற்று. இறுதியில் இந்தியாவின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆப் தி சீஸ்' 7,600 பயணிகளை ஏற்கும். அவர்களுக்குப் பணிபுரிவோர் 2,350 பேர்.

நம் நீரிணையில்

இனி நம் வாசலுக்கு வருவோம். 'ரஜூலா' 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 8,500 டன் கொள்ளளவுள்ள அக்கப்பலுக்குத் தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. 'ஐகான்' அதனினும் 29 மடங்கு பெரியது. ஆனால் பயணிகள் இரண்டு மடங்குகூட இல்லை! ஓர் ஆளுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று மாணவரிடம் கணக்காகவே கொடுக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்கு அருகே அது ஓடிற்று. பின்னர் வந்த 'சிதம்பரம்' 1985இல் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததோடு அவ்வழியும் நின்றது.

ஹாம்பர்க்குக்கு ஒரு வெடல் என்றால் நமக்குப் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவு. உரிமையோடு ஊரில் கால்வைக்குமுன் அங்கே தொற்றுத்தடைக் காவலில் கிடந்தவர்கள் நம் பாட்டன்மார். 1938இல் இந்திய அரசு கூலியாள் அனுப்புவதைத் தடை செய்தது.

இன்பக் கப்பல் நம் நீரிணைக்கு ஒரு தொழிலாக வந்தது 1993இல், மலேசிய முதலீட்டாளரின் ஸ்டார் குரூசஸ் தொடங்கியபோது. இன்பக் கப்பலுக்கும் காவல் உண்டு என்பதை 2020 பிப்ரவரியில் உலகம் கண்டது. யோகோஹாமாத் துறையில் 3,700 பேரோடு நிறுத்தப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 700க்கும் மேற்பட்டோரைக் கொள்ளை நோய் பற்றியது. பெருந்தொற்றின் அடி தாங்காமல் ஸ்டார் குரூசஸின் தாய்க்கழகமும் 2022இல் வீழ்ந்தது. அதே ஆண்டில் வேறொரு பெயரில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் மீண்டும் புறப்பட்டது.

செல்வோர்க்குச் சில சொல்

வரலாறு படித்தபின் செலவுத் திட்டம் எழுதுவது எளிதாயிற்று. கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. முதியோர்க்கு அதையே பதிவு செய்தேன். சாளரமில்லாத அறை மலிவு. பகலெல்லாம் மேல்தளத்தில் இருப்போர்க்கு அது போதும். கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையிறங்கியவர் குறித்த நேரத்தில் திரும்பாவிடில் கப்பல் காத்திராது. சீட்டு விலைக்குமேல் பணியாளர் படி, கரைச் சுற்றுலாக் கட்டணம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்க. 'குவேக்கர் சிட்டி'யார் செய்ததுபோல், காணப்போகும் ஊரைப் பற்றி ஒரு நூலேனும் முன்னே படித்துச் செல்க. நாட்குறிப்பைக் கடைசி நாள்வரை எழுதுக. உணவு பரிமாறுபவரையும் அறை துடைப்பவரையும் பெயர் கேட்டுப் பேசுக. பிழைக்கக் கப்பலேறியவர் அக்கப்பலிலும் இருக்கிறார். அவர் மேசையின் மறுபுறம் நிற்கிறார், அவ்வளவே.

இவ்வளவையும் என் தாயாரிடம் சில மாலைகளில் கதையாகச் சொன்னேன். பாலினின் கதையைக் கேட்டவர், "அந்தச் சனமும் பாயும் பெட்டியுமாத்தான் போயிருப்பாக" என்றார். பிறகு, "கப்பல் பினாங்குக்குப் போகுதா?" என்று கேட்டார். போகிறது என்றேன். "அப்ப வர்றேன். இந்தத் தடவ படுத்துக் கெடக்காம எந்திரிச்சு நின்னு பாக்கணும்" என்றார். முதற்பயணம் முழுவதும் தளத்தில் தலைசுற்றிப் படுத்தே வந்தவர் அவர். பினாங்கைக் கடலிலிருந்து கண்டதில்லை.

காசு கொடுத்துச் சும்மா போய்ச் சும்மா வருவது எதற்கு என்னும் கேள்விக்கு நான் கண்ட விடை இதுவே. பிழைப்புக்காகக் கடல் கடந்தவருக்குக் கடலைப் பார்க்க நேரமிருக்கவில்லை. அவர் பார்க்காது விட்ட கடலை, அவர் பொருட்டும் சேர்த்து நின்று பார்ப்பது வீண் செலவாகாது.